புது ரோஜா நுனியிலிருந்து கருகுகிறதா? செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

தையில் நட்ட ஒட்டு ரோஜா மாசியில் நுனி கறுத்து, ஒவ்வொரு கணுவாகக் கீழே இறங்கிக் காய ஆரம்பிக்கும். பார்த்தவுடன் வீட்டில் எல்லோரும் சொல்வது, "தண்ணி பத்தலை போல." உடனே இன்னொரு குடம் ஊற்றுவார்கள். பல செடிகளின் கதை அந்தக் குடத்தோடு முடிந்துவிடும்.

இதற்கு நுனிக்கருகல் என்று பெயர். பின்கருகல் என்றும் சொல்வார்கள். டிப்ளோடியா, கொலட்டோட்ரைக்கம் போன்ற பூஞ்சைகள்தான் கொப்பைக் கருக்குகின்றன. ஆனால் இவை வலுவான செடியைத் தாக்கி வீழ்த்தும் ரகம் இல்லை. காயம்பட்ட கொப்பிலும், வேர் பிடிக்காமல் தவிக்கும் செடியிலும்தான் எளிதாக நுழையும். அதனால் மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் கருகியதை வெட்டுவது, அடுத்து தூரைத் தோண்டிப் பார்ப்பது. மருந்து மூன்றாவதுதான். இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், செடியும் போகும்.

1. நுனிக்கருகல்தானா என்று உறுதி செய்யுங்கள்

கருகிய கொப்பில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சையாக இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த தேங்காய் நார் போல இருந்தால் செத்துவிட்டது. நுனியிலிருந்து ஒவ்வோர் அங்குலமாகச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். செத்ததும் உயிருள்ளதும் சந்திக்கும் எல்லை தெளிவாகத் தெரியும். அந்த எல்லையில் கருஞ்சிவப்பாக ஒரு வளையமும், மேலே செத்த தோலில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சை வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நுனிக்கருகல் போலவே தெரியும் வேறு தொல்லைகளும் உண்டு:

- எல்லாக் கொப்பும் ஒரே நாளில் தொங்கிப் போனால் வேரில் கோளாறு. அழுகியிருக்கும், அல்லது கரையான் தின்றிருக்கும்.
- இலையின் ஓரம் மட்டும் தீய்ந்து, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர்.
- தண்டில் சாம்பல் அல்லது செம்பழுப்பு நிறத்தில் பொருக்குப் போல ஒட்டி, நகத்தால் கீறினால் உதிர்ந்தால் செதில் பூச்சி. இதுவும் சாற்றை உறிஞ்சிக் கொப்பைக் காயவைக்கும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.
- வெட்டுவாயின் நடுவில் துளை இருந்தால் துளைக்கும் பூச்சி. துளை முடியும் இடத்துக்குக் கீழே வெட்டினால் போதும்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

கவாத்துக் கத்தரி ஒன்று, 250 முதல் 500 ரூபாய்க்குள். பூக்கட்டும் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். அது கொப்பை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் கருகல் மறுபடி தொடங்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்னப் பாட்டில். காப்பர் ஆக்ஸிகுளோரைடு, மேங்கோசெப் என்ற இரண்டு பூஞ்சைக்கொல்லியிலும் இருப்பதிலேயே சின்னப் பொட்டலம். வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ. கையுறை, முகக்கவசம். கிராமில் நிறுக்கும் சமையல் தராசு வீட்டில் இல்லாவிட்டால் ஒன்று வாங்குங்கள், ஆனால் மருந்து நிறுத்த தராசு பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

கத்தரியையும் தராசையும் விட்டுவிட்டால் மொத்தம் 500 ரூபாயை ஒட்டி முடியும். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறலாம். நான்கைந்து செடிக்கு அரைக் கிலோப் பொட்டலம் வாங்க வைப்பார்கள். வாங்காதீர்கள், காலாவதி ஆகும்வரை அலமாரியில்தான் கிடக்கும்.

3. வெட்டும் முறை

காலை வெயில் ஏறியதும், கொப்பில் ஈரமில்லாத நேரத்தில் வெட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாக இருந்தால் அடுத்தடுத்து இரண்டு நாள் வெறிச்சென்று இருக்கும்போது செய்யுங்கள். மழையில் வெட்டிய காயம் ஆறாது.

கத்தரி அலகை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, செத்த எல்லைக்குக் கீழே 5 செ.மீ. தள்ளி உயிருள்ள பகுதியில் வெட்டுங்கள். வெட்டுவாயைத் திருப்பிப் பாருங்கள். நடுச்சோறு, அதாவது தண்டின் நடுவில் உள்ள மெத்தென்ற பகுதி, வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருக்க வேண்டும். சுற்றிலும் பச்சையாக இருந்து நடுவில் மட்டும் டீத்தூள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், நோய் உள்ளே கீழே போய்விட்டது என்று பொருள். வெளித்தோலைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். அந்தப் புள்ளி மறையும்வரை கணு கணுவாகக் கீழே இறங்கி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அலகைத் துடைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் துடைக்காத கத்தரி ஒரு கொப்பில் இருப்பதை எல்லாக் கொப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கடைசி வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்கு (தளிர் முளைக்கும் புடைப்பு) அரை செ.மீ. மேலே, சற்றுச் சாய்வாக அமைய வேண்டும். சாய்வு கண்ணுக்கு எதிர்ப்பக்கம் இறங்கட்டும், அப்போதுதான் தண்ணீர் கண்ணின் மேல் தேங்காது. கண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் மொட்டையாக விட்டால் அந்தத் துண்டு காயும், காய்ந்தால் அதன் வழியே நோய் இறங்கும். கண்ணை ஒட்டி வெட்டினால் கண்ணே காய்ந்துவிடும்.

நன்றாக இருக்கும் கொப்புகளில் கை வைக்காதீர்கள். "பாதிக்கு வெட்டிவிட்டால் தளதளன்னு வரும்" என்பது வேர் பிடித்த பழைய செடிக்குச் சொன்ன யோசனை. புதுச் செடிக்கு இருக்கிற நாலு இலைதான் சோறு. மொட்டுகளை மட்டும் கிள்ளிவிடுங்கள். நட்ட முதல் ஆறு வாரம் பூக்க விடாமல் இருந்தால், அந்தச் சத்து வேருக்குப் போகும். வெட்டியதையும் உதிர்ந்த இலையையும் எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

4. வெட்டுவாயில் பசை

வெட்டிய சூட்டோடு பசை தடவ வேண்டும். எளிய வழி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு கொஞ்சம் எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து, பழைய தூரிகையால் வெட்டுவாய் முழுதும் பூசுவது.

போர்டோ பசை இதைவிட நீடித்து நிற்கும், மழைக்கும் எளிதில் கரையாது. 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) 50 மி.லி. தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கரையுங்கள். 10 கிராம் சுண்ணாம்பை இன்னொரு டப்பாவில் 50 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். இரண்டையும் மூன்றாவது டப்பாவில் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். வான நீலத்தில் குழம்பாக வரும். துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, அப்படியே பூசினால் கொப்பு வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி பாருங்கள். இரும்பு, ஈயப் பாத்திரம் எதிலும் கலக்கக் கூடாது. கலந்த அன்றைக்கே பூசித் தீர்த்துவிட வேண்டும்.

சுண்ணாம்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீடுகளில் சுவர்ப்பூச்சு வேலை முடிந்து மிஞ்சிய சுண்ணாம்பு எங்காவது ஒரு மூட்டை கிடக்கும். காற்றுப்பட்டுக் கட்டிதட்டிப் போன அது வீரியம் இழந்தது, உதவாது. புதிதாக நீற்றிய சுண்ணாம்பாக வாங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் வேண்டாம். அதில் தண்ணீர் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று கணக்கே கிடையாது.

மஞ்சள்தூள் குழைத்துப் பூசுகிறவர்கள் உண்டு. கெடுதல் இல்லை. ஆனால் சரியாக வெட்டாத கொப்பை மஞ்சளும் காப்பாற்றாது, போர்டோவும் காப்பாற்றாது. வெட்டுவாயில் பாலித்தீன் கட்டுவது மட்டும் கூடவே கூடாது, உள்ளே வியர்த்து அழுகும்.

5. தூரைத் தோண்டிப் பாருங்கள்

நட்டு இரண்டு மாதத்துக்குள் கருகும் செடியில் கோளாறு பெரும்பாலும் மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். வெட்டிப் பசை தடவிய கையோடு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கையால் மெல்லத் தோண்டுங்கள். பார்க்க வேண்டியவை ஐந்து.

களிமண் உருண்டை. தூரத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் பலவற்றின் வேர், இறுகிய களிமண் உருண்டைக்குள் இருக்கும். பயணத்துக்கு அது நல்லது. நட்ட பிறகு, சுற்றியுள்ள செம்மண் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், உருண்டை மேலே நனைந்து உள்ளே காய்ந்தே கிடக்கும். அல்லது ஒருமுறை ஊறினால் வாரக்கணக்கில் சேறாக நின்று வேரை அழுக வைக்கும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் செடி வாடுவதற்கு இதுதான் காரணம். செடியை உருண்டையோடு எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து, வெளிப்புறக் களிமண்ணை மூன்றில் ஒரு பங்கு விரலால் கரைத்து விடுங்கள். முழுதும் கழுவி வேரை அம்மணமாக்க வேண்டாம், உறிஞ்சும் வேர்முடிகள் அறுந்துவிடும். நாரோ வலைத்துணியோ சுற்றியிருந்தால் அதையும் வெட்டி எடுங்கள்.

ஒட்டுக்கட்டிய இடம். தண்டின் அடியில் முட்டி போலப் புடைத்திருக்கும். அது மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமாவது தெரிய வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் உறைபனிக்குப் பயந்து அதை மண்ணுக்குள் புதைப்பார்கள். அவர்கள் வீடியோவைப் பார்த்து இங்கே புதைத்தால் ஒட்டு ஈரத்தில் அழுகும். அதே இடத்தில் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், ஒட்டிய கண்ணுக்கு எதிர்ப்பக்கம் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். தண்டு பருக்கப் பருக்க அந்த நாடா கழுத்தை நெரிக்கும், மேலே உள்ளதெல்லாம் கருகும். நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருப்போம்.

குழி. நம் பக்கம் மேலே ஓரடி செம்மண், கீழே சரளை அல்லது செம்பாறை என்று பல இடங்களில் இருக்கும். அதில் வெட்டிய குழி தொட்டி போலத் தண்ணீரைத் தேக்கும். பக்கத்திலேயே ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓரங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடம் ஆகாது. கடப்பாரையால் அடிப்பாறையை உடைத்து விடலாம், இல்லையென்றால் தரைக்கு மேலே ஓரடி மேடு அமைத்து நடலாம். சரியான குழி நீள, அகல, ஆழம் மூன்றும் 45 செ.மீ. அதில் 10 கிலோ மக்கிய எருவும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும்.

எரு. கையில் எடுத்தால் சாணி வாடை வருகிறதா? இன்னும் மக்கவில்லை. அந்தச் சூடு புது வேரை எரிக்கும். யூரியா, டி.ஏ.பி. போன்றவை முதல் ஆறு வாரத்துக்குத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகும் தழைச்சத்து மிஞ்சினால் தண்டு கொழுகொழுவென்று இளசாக வளர்ந்து, கருகலுக்கு விருந்தாகும்.

கரையான். செம்மண் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மக்காத எரு, மரத்தூள், காய்ந்த குச்சி எல்லாம் அதை வரவழைக்கும். வேரில் மண் குழாய் தெரிந்தால் அந்தக் குப்பையை அகற்றி, வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி தூரைச் சுற்றிக் கிளறிவிடுங்கள். தேங்காய் மட்டை மூடாக்கு தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும்.

தொட்டியில் நட்டிருந்தால் முதலில் அடித்துளையில் குச்சியை விட்டுப் பாருங்கள். அடைத்திருக்கும் பெரும்பாலும்.

6. தண்ணீர்

ரோஜாவுக்கு உப்பு ஆகாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் ஒருமுறை டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) பாருங்கள். ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் அதற்கான மீட்டர் இருக்கும், ஒரு டம்ளர் நீட்டினால் போதும். 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி ரோஜா வளர்க்காதீர்கள். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்குத் திருப்பிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ரோஜாவுக்கு மட்டும் அது வேண்டாம்.

முற்றத்துக் கூரையில் விழும் மழையை அண்டாவில் பிடித்துவைக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால், அந்த மழைநீரைப் போல நல்ல தண்ணீர் வேறில்லை. தொட்டியில் உப்பு ஏற்கெனவே படிந்திருந்தால், தொட்டி அளவுக்கு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வெளியேற்றுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு ஒரே விதி: விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது இலை, கொப்பு நனையாமல் தூரில் ஊற்றுங்கள்.

7. தெளிப்பும் நாட்கணக்கும்

வெட்டிய அன்று மாலை: காப்பர் ஆக்ஸிகுளோரைடு, 1 லிட்டருக்கு 2.5 கிராம். கொப்பு, இலையின் இரு பக்கம், வெட்டுவாய் எல்லாம் நனைய வேண்டும். 1 லிட்டர் ஐந்தாறு சின்னச் செடிக்குப் போதும்.

10 நாள் கழித்து: மேங்கோசெப், 1 லிட்டருக்கு 2 கிராம்.

அடுத்த 10 நாளில், புதுக் கருகல் தெரிந்தால் மட்டும், மறுபடி காப்பர். தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு, காற்று அடங்கிய நேரத்தில், கையுறை முகக்கவசத்தோடு தெளியுங்கள். இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கிராமைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்பது தவறு, காப்பர் மிஞ்சினால் இளந்தளிர் கருகும், அதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று மறுபடி அடிப்போம்.

மூன்று வாரத்தில் வெட்டுக்குக் கீழே உள்ள கண் சிவந்து புடைத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியாக இருந்தால் இன்னும் பத்து நாள் பொறுங்கள். கத்திரி வெயிலில் மேற்குச் சுவர் ஓரம் நட்ட செடி, சாயங்காலம் ஏழு மணிவரை சுவரின் சூட்டில் வேகும். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், தொட்டியாக இருந்தால் நகர்த்திவிடுங்கள்.

அடியிலிருந்து திடீரென்று ஒரு போத்து வேகமாகக் கிளம்பினால் சந்தோஷப்படுவதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒட்டு முட்டிக்குக் கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடியின், அதாவது உங்கள் ரோஜாவை ஒட்டுக்கட்டிய அடிச்செடியின் போத்து. நீங்கள் காசு கொடுத்த ரோஜா அதில் பூக்காது. விட்டுவைத்தால் மேலே உள்ளதைத் தின்றே வளரும். முளைத்த இடத்திலேயே பிய்த்து எடுங்கள்.

பூ வந்த பிறகு சாமிக்குப் பறிக்கும்போது கையால் ஒடிக்காமல், ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே கத்தரியால் வெட்டுங்கள். ஒடித்த காம்பின் நாரில்தான் அடுத்த கருகல் ஆரம்பிக்கும்.

8. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

செடி வாங்கிய பில், ரகத்தின் பெயர்ச்சீட்டு, வாங்கிய அன்று எடுத்த ஒரு போட்டோ. நர்சரியில் "எங்க செடி நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க தண்ணி ஊத்துனதுல கோளாறு" என்று சொல்லும்போது இந்த மூன்றும் பேசும். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று வாங்கும்போதே கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மருந்துக்கும் பில் வேண்டும், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பொட்டலத்தில் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டு முறை வெட்டியும் கருகல் இறங்கினால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். போனில் கேட்க கிசான் கால் சென்டர் 1800-180-1551, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நேரில் போகும்போது செத்த பாதியும் உயிருள்ள பாதியும் சேர்ந்த ஒரு சாண் கொப்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் வேறு பூஞ்சை பிடித்துவிடும். முழுச்செடியின் போட்டோ, இதுவரை என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்ற குறிப்பு, இரண்டும் இல்லாமல் போனால் அரைகுறை பதில்தான் கிடைக்கும்.

பத்துச் செடிக்கு மேல் நடப்போகிறீர்கள் என்றால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே மண் பரிசோதனை செய்துவிடுங்கள். தோட்டத்தில் நாலைந்து இடங்களில் ஓரடி ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டி, பெயர், முகவரி, புல எண், என்ன பயிர் என்று எழுதிய சீட்டோடு கொடுக்க வேண்டும். எரு போட்ட இடத்தில், வரப்பில், மரநிழலில் எடுக்கக் கூடாது. கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் ரோஜாவுக்கு நல்லது.

9. செடி போய்விட்டால்

கருகல் ஒட்டு முட்டியைத் தொட்டுவிட்டால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். வேரோடு பிடுங்கி எரித்து, அதே குழியில் உடனே அடுத்த ரோஜாவை வைக்காமல், ஒன்றரை அடி ஆழம் மண்ணை வெளியே எடுத்துப் பரப்பி, பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு மாதம் காயவிடுங்கள்.

அடுத்த செடியை மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலோ தையிலோ வாங்குங்கள். பூத்துக் குலுங்கும் செடியை விட்டுவிட்டு, பென்சில் பருமனில் மூன்று கொப்பாவது உள்ள, நுனி கறுக்காத செடியாகப் பொறுக்குங்கள். கொண்டுவந்தவுடன் நடாமல் பையோடு ஒரு வாரம் அரைநிழலில் வைத்து, பிறகு ஒரு சாயங்காலம் நடுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்து நட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் அந்த வருடம் நடவே வேண்டாம். முதல் மூன்று மாதம் யாராவது ஒருவர் மண்ணில் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காவலுக்கு இருப்பவரிடம் சொல்வதானால் "தினமும் ஊத்துங்க" என்று சொல்லாமல், விரல் விட்டுப் பார்ப்பதை ஒருமுறை செய்தே காட்டிவிட்டுப் போங்கள்.